உப்பு, புகை, நிர்ப்பந்தம்

இறைச்சிக்கு மனிதன் உப்புப் போட்டது ருசிக்காக அல்ல, அழுகலுக்குப் பயந்து. புகை போட்டதும் அப்படித்தான். கொன்ற மிருகத்தை ஒரே நாளில் தின்று தீர்க்க முடியாது; நாளைக்கு இன்னொன்று அகப்படும் என்ற நிச்சயமும் கிடையாது. அந்த நிலைமையில் கண்டுபிடிக்கப்பட்ட உபாயங்கள் இவை. வேறு வழியில்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தின்றதில் நாக்கு பழகிப்போய், பழக்கம் விருப்பமாயிற்று. பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்தது. அவசியம் போயிற்று, விருப்பம் போகவில்லை. இன்று உப்பிட்டுப் புகையூட்டிய இறைச்சியில் ருசி என்று நாம் சொல்வது ஒரு பழைய நிர்ப்பந்தத்தின் தழும்பைத்தான்.

என்னை உறுத்துகிற கேள்வி இது: ஒருவன் கதியற்றுச் செய்ததை இன்னொருவன் ஆசைக்காகச் செய்யும்போது அந்தச் செய்கையில் மாறுவது என்ன? இதை அந்தரத்தில் நிறுத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை. நான் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நான் வசிக்கும் அமெரிக்காவில் மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் தினத்தை ஒட்டிக் கடைகளில் கார்ன்ட் பீஃப் மலிந்து கிடக்கும். பிரிஸ்கட் என்கிற மாட்டின் நெஞ்சுக்கறியை உப்புநீரில் நாள்கணக்கில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தது. அயர்லாந்து வழிவந்த குடும்பங்களில் அதை முட்டைக்கோஸோடு சேர்த்து வேகவைப்பார்கள். நான் வேகவைப்பதில்லை. ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றி, உப்பைக் கொஞ்சம் இறக்குகிறேன். மிளகையும் கொத்தமல்லி விதையையும் கொரகொரப்பாகப் பொடித்து மேலே அப்புகிறேன். காலையில் வீட்டின் பின்புறம் இருக்கும் பெல்லட் கிரில்லில் வைத்துச் சுமார் 110 டிகிரி செல்ஷியஸில் ஏழெட்டு மணி நேரம் புகை போடுகிறேன். வெளியே எடுக்கும்போது அது ஏறக்குறைய பாஸ்ட்ராமி ஆகியிருக்கும். ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள் நியூயார்க்கில் நிலைநாட்டிய பண்டம் அது. கார்ன்ட் பீஃபுக்கும் அதற்கும் இடையில் நிற்பது முக்கியமாக மிளகும் மல்லியும் புகையும்தான்.

அந்த யந்திரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மர ஆலைகளில் மிஞ்சும் தூளை எரிபொருளாக்கும் முயற்சிகள் அமெரிக்காவில் வலுத்தன. மரத்தூளைச் சிறு துளைகளுள்ள அச்சின் வழியே பலமாக நெருக்கித் தள்ளினால், அந்த நெருக்கத்தில் பிறக்கும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறியதும் இறுகித் தூளைப் பிணைத்துவிடும். பென்சில் கனத்தில் சின்னச் சின்னக் குளிகைகளாக உதிரும். வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளுக்கு உதவிய இந்தக் குளிகைகளை 1980களின் நடுவில் ஒரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் சமையலுக்குக் கொண்டுவந்தார். பக்கத்தில் ஒரு தொட்டி நிறையக் குளிகை. ஒரு திருகுதண்டு மெதுவாகச் சுழன்று அவற்றை ஒரு சிறு நெருப்புக் கிண்ணத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். மின்சாரத்தில் பழுக்கிற கம்பி பற்றவைக்கும். விசிறி காற்று ஊதும். உள்ளே சூடு குறைந்தால் குளிகை கூடுதலாக விழும், ஏறினால் குறைவாக விழும். இவ்வளவையும் கவனிக்க ஒரு மின்னணுச் சாதனம் இருக்கிறது. நான் படுத்துத் தூங்கலாம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த யந்திரத்தின் நெருப்பு மிக நல்ல நெருப்பு. உலர்ந்த எரிபொருள், அளந்து விழுவது, போதிய காற்று. ஆகவே குளிகை பெரும்பாலும் முழுக்க எரிந்துவிடுகிறது. முழுக்க எரிந்த மரத்தில் கரியமிலவாயு உண்டு, நீராவி உண்டு, சாம்பல் உண்டு, மணம் கிடையாது. புகையின் மணம் என்பது மரம் சரியாக எரியாமல் போவதால் வருவது. குளிகையைப் பிணைத்த அதே லிக்னின் அரைகுறையாகச் சிதைந்து தரும் க்வயகால், சிரிங்கால் போன்ற பொருள்களைத்தான் நம் மூக்கு புகை என்று அடையாளம் கண்டுகொள்கிறது. நெருப்பின் குறைதான் வாசனை. இதனால் பெல்லட் கிரில்லில் செய்த இறைச்சியில் புகை மட்டாக இருக்கிறது என்று புகார். அதற்குப் பரிகாரமாகத் துளையிட்ட எஃகுக் குழாய் ஒன்றை விற்கிறார்கள். அதில் குளிகையை நிரப்பி, ஒரு முனையில் பற்றவைத்து, சுவாலையை ஊதி அணைத்து உள்ளே வைத்தால், சரியாக எரியாமல் கனன்றுகொண்டே கிடக்கும். சில யந்திரங்களில் கூடுதல் புகைக்கென்று தனிப் பொத்தானே உண்டு. நெருப்பின் குறையை நீக்க ஒரு சாதனம். நீக்கிய குறையை விலைகொடுத்துத் திரும்பப் பெற இன்னொரு சாதனம்.

இன்னொன்றும் நடக்கிறது. இறைச்சியின் உட்சூடு 65லிருந்து 75 டிகிரிக்குள் எங்கோ வந்ததும் ஏறாமல் நின்றுவிடும். மணிக்கணக்கில் நிற்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே காரணம்தான்: மேல்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, வருகிற சூட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரம் குறைந்த பிறகே உட்சூடு மறுபடி ஏறும். 95 டிகிரியை நெருங்கும்போது, நார்களைக் கட்டியிருந்த கொலாஜன் இளகிப் பிசினாகி, கடினமான நெஞ்சுக்கறி கை பட்டால் பிரிகிற பக்குவத்துக்கு வந்திருக்கும். முன்பு இந்தக் காத்திருப்பை நெருப்பின் பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கழிக்கவேண்டும். யந்திரம் காத்திருப்பை ஒழித்துவிடவில்லை. அதை எனக்குத் தெரியாமல் நடக்கும்படி செய்திருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு சுலபமான பதில்கள் கைக்குக் கிடைக்கின்றன. இரண்டையும் நான் அடிக்கடி கேட்கிறேன்.

முதல் பதில் சுத்தவாதியுடையது. டெக்ஸாஸ் பாணியில் ஓக் கட்டைகளை அடுக்கி, காற்றின் போக்கைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடி, ராமுழுக்க விழித்திருந்து செய்வதே நிஜம், பொத்தானை அமுக்கிச் செய்வது போலி என்பார் அவர். கவனிப்பு ஒரு மதிப்பு என்பதை நான் மறுக்கவில்லை. நெருப்போடு இருந்து பழகியவனுக்கு நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாத பல தெரியும். ஆனால் அவர் கவனிப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை. சிரமத்தை ஒரு தகுதியாக்குகிறார். பட்ட கஷ்டத்தால் பண்டம் புனிதமாகிறது என்கிறார். அவருடைய இரவில் சாய்வு நாற்காலி இருக்கிறது, கையில் பீர் இருக்கிறது, மழை வந்தால் உள்ளே போய்விடலாம் என்கிற வசதி இருக்கிறது. இறைச்சி கெட்டுப்போனால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. இடைநிறுத்த முடிகிற கஷ்டம் நிர்ப்பந்தமாகாது, அது நிர்ப்பந்தத்தின் வேஷம். வேஷத்தை அவர் என்னைவிடக் கச்சிதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் எங்கள் இருவருக்கும் வித்தியாசமில்லை.

இரண்டாவது பதில் ரசிகனுடையது. நாக்கில் இருப்பதே பொருள், அது எப்படி வந்தது என்பது வேறு கதை என்பான் அவன். இது கேட்க விவேகமாக இருக்கிறது. ஆனால் நாக்கில் இருப்பதைக் கொஞ்சம் விசாரித்தால் அந்த வேறு கதை அங்கேயேதான் இருக்கிறது.

கார்ன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய வழக்கில் மணி, பரல் என்று பொருள். தானிய மணி போன்ற பருமனான உப்புக் கல்லில் புதைத்த மாட்டிறைச்சி என்பதால் அந்தப் பெயர். 1660களில் இங்கிலாந்து அயர்லாந்திலிருந்து கால்நடைகள் வருவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1667இல் அடியோடு தடுத்தது. உயிருள்ள மாடு கடல் தாண்டக்கூடாது என்றால் கொன்று, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து அனுப்புவதுதான் வழி. அயர்லாந்தின் தெற்கிலுள்ள கார்க் துறைமுகம் அந்த வியாபாரத்தின் தலைநகரமாயிற்று. அங்கிருந்து பிரிட்டிஷ் கடற்படைக்குப் போயிற்று, கரீபியத் தீவுகளுக்குப் போயிற்று. நல்ல ரகம் ஒருவருக்கென்றால், தரம் குறைந்தது கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு. மாட்டை வளர்த்து, வெட்டி, உப்பிட்ட ஐரிஷ் ஏழைகளுக்கு உருளைக்கிழங்கு. 1845இல் கிழங்கில் நோய் விழுந்தது. 1852க்குள் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள், அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டை விட்டுப் போனார்கள். அந்த வருஷங்களிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து உணவுப்பொருள் ஏற்றுமதி நடந்துகொண்டிருந்தது. தப்பித்து நியூயார்க் சேர்ந்தவர்கள், அங்கே மாட்டிறைச்சி மலிவு என்று கண்டு, யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட பிரிஸ்கட்டை வாங்கினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சொந்த ஊரில் தம் கைவழியாகக் கப்பலேறிய பண்டத்தை அந்நிய ஊரில்தான் அவர்கள் வயிறாரத் தின்றார்கள். அதைத் தங்கள் தேசத்தின் உணவு என்றும் கொண்டாடினார்கள். இதில் பொய் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மறுக்கப்பட்டது கிடைக்கும்போது அதைப் பாரம்பரியம் என்று அழைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கார்ன்ட் பீஃபின் ரோஜா நிறம் இன்னொரு கதை. வெறும் உப்பில் ஊறிய இறைச்சி வெந்தால் சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பு நிற்கவேண்டுமென்றால் வெடியுப்பு வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போன வெடியுப்பில் பெரும்பகுதி பீஹாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றியது. அங்கே ஊர் மண்ணைச் சுரண்டிக் கரைத்துக் காய்ச்சி அதை எடுத்தவர்கள் நோனியா என்ற கீழ்நிலைச் சாதியினர். முக்கியமாகப் பீரங்கி மருந்துக்குப் போன சரக்கு அது. இறைச்சிப் பீப்பாயிலும் கொஞ்சம் விழுந்தது. பின்னாளில் வேலையைச் செய்வது வெடியுப்பிலிருந்து உண்டாகும் நைட்ரைட்தான் என்று தெரிந்து, 1925இல் அமெரிக்க அரசு அதை நேரடியாகச் சேர்க்க அனுமதித்தது. இன்று நூற்றுக்கு 6.25 பங்கு நைட்ரைட் கலந்த உப்பு, சாப்பாட்டு உப்பென்று யாரும் ஏமாந்துவிடாமலிருக்க இளஞ்சிவப்புச் சாயம் போட்டு விற்கப்படுகிறது. விஷக்கிருமியைத் தடுக்கும் காவல் வேலை அதற்கு இன்னும் உண்டு. ஆனால் சாம்பல் நிற இறைச்சியை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதும் அது நீடிப்பதற்கு ஒரு காரணம். 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு இவ்வகைப் பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. பஞ்சத்திலிருந்து உயிரைக் காக்க வந்த உபாயம், பஞ்சமில்லாத வீட்டில் உயிருக்கு உலை வைப்பதாக மாறியிருக்கிறது.

ஆக, ரசிகன் நாக்கோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னாலும் அவன் நாக்கில் இருப்பவை இவைதான்: கார்க்கின் உப்பு, பீஹாரின் மண், மரம் எரியாமல் விட்ட புகை. அவனுக்குத் தெரியவில்லை என்பதால் அவை இல்லாமல் போய்விடவில்லை.

இனி, மதிப்பு. தமிழில் இந்தக் காரியத்துக்கு ஒரு சொல் இருக்கிறது: உப்புக்கண்டம். கறியைக் கண்டம் கண்டமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்துவது. ஆட்டுக்கறி உப்புக்கண்டத்துக்கு வசதியான வீடுகளிலும் மரியாதை உண்டு. விருந்தில் வறுத்துப் பரிமாறுவார்கள். அதுவே மாட்டுக்கறி என்றால் சேரி என்று அர்த்தம். ஊரில் மாடு விழுந்தால் ஒரே நாளில் நிறையக் கறி, பிறகு பல நாள் ஒன்றுமில்லை என்கிற வாழ்க்கையில், கிடைத்ததை உலர்த்தி வைத்துக்கொள்வதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் கிடையாது. செய்தவர்களுக்கு அதற்காகக் கிடைத்தது, நாற்றம் என்ற வசை. இன்று அமெரிக்கப் புறநகரில், அந்த வசையைச் சொன்ன தெருக்களிலிருந்து வந்தவர்களும் பின்கட்டில் மாட்டின் நெஞ்சுக்கறிக்குப் புகை போட்டு, வெட்டின பரப்பைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். பெயர் பொழுதுபோக்கு. உப்பு அதே உப்பு. காரியத்தின் தர்க்கம்கூட அதேதான். நிர்ப்பந்தத்தில் செய்தவனுக்கு இழிவு, தேர்ந்தெடுத்துச் செய்தவனுக்குப் பாராட்டு. நான் முதலில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இங்கே கிடைக்கிறது. மாறுவது செய்கை அல்ல. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவன் செய்கிறபோது அதே செய்கைக்குக் கலாச்சாரம் என்ற பெயர் கிடைக்கிறது.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இதேபோல் ஒன்று ஞாபகம் வரக்கூடும். மனப்பாடம்தான் புத்தகம் என்றிருந்த காலத்தில் யாப்பு ஞாபகத்துக்கு உதவியது. வரி நழுவாமல் எதுகை பிடித்துக்கொண்டது. அச்சு வந்தபின் அந்த அவசியம் தளர்ந்தது. 1959இல் தொடங்கிய ‘எழுத்து’வின் பக்கங்களில் புதுக்கவிதையை ஒட்டி எழுந்த சண்டையின் அடியில் கிடந்த கேள்விகளில் இதுவும் ஒன்று: தேவை போனபின் உருவம் எதற்கு? இன்று ஒருவர் வெண்பா எழுதினால் அது தேர்வு. அதில் குறையில்லை. இறைச்சியையும் இப்படிப் பார்த்துவிடலாம் என்று தோன்றுகிறது: அவசியம் வரலாற்றில் தங்கிவிட்டது, உருவம் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று. எனக்கு இந்த ஒப்புமை ரொம்ப நாள் திருப்தியாக இருந்தது.

ஆனால் அது ஒரு இடத்தில் உடைகிறது. வெண்பா எழுதுகிறவனுக்காக யாரும் எங்கேயும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கவில்லை. அங்கே அவசியம் நிஜமாகவே தளர்ந்துவிட்டது. என் பிரிஸ்கட்டில் அது தளரவில்லை, இடம் மாறியிருக்கிறது. பிளாஸ்டிக் உறைக்குள் அந்தக் கறி வருவதற்கு முன் குளிரூட்டிய நீண்ட கொட்டகையில், நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையின் பக்கத்தில், ஒரே வெட்டை நாள் முழுக்க வெட்டும் ஆட்கள் நிற்கிறார்கள். அமெரிக்க இறைச்சி ஆலைகளில் அவர்களில் கணிசமானவர்கள் குடியேறிகள், அகதிகள். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது தோளோடு தோள் நிற்கவேண்டிய அந்த வரிசைகளில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள், நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த ஏப்ரல் 28ஆம் தேதி ஜனாதிபதி, 1950ஆம் வருஷத்துப் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைக் காட்டி, ஆலைகள் தொடர்ந்து இயங்கவேண்டும் என்று ஆணையிட்டார். வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்கப்பட்ட என் போன்றவர்கள் அந்த வசந்தகாலத்தில் நிதானமாகச் சமைக்கக் கற்றுக்கொண்டோம். நான் தேவையில்லாமல், ஆசைக்காகச் செய்கிறேன் என்று சொல்லும்போது அந்தத் தேவையில்லாமையைத் தாங்கி நிற்பது இன்னொருவனுடைய தேவை. கார்க்கிலும் இப்படித்தான். பெல்லட் கிரில் இதைத் தோற்றுவிக்கவில்லை. கடைசி எட்டு மணி நேரத்தையும் என் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கனவே நீண்டிருந்த தூரத்தை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறது, அவ்வளவே.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன பயன்? நண்பர் ஒருவர் இதைவிடக் கடுமையாகக் கேட்டார்: உன் விசாரமும் ஒரு மசாலாதானே, மிளகு மல்லியோடு கொஞ்சம் குற்ற உணர்ச்சி, தின்பதை நீ நிறுத்தவில்லையே? கேள்வி நியாயமானது. சரித்திரமும் அவர் பக்கம்தான். அப்டன் சிங்க்ளேர் 1906இல் ‘தி ஜங்கிள்’ நாவலில் சிகாகோ ஆலைத் தொழிலாளிகள் நசுங்குவதை எழுதினார். நாடு கொதித்தது. அதே வருஷம் சட்டம் வந்தது. தொழிலாளிக்காக அல்ல, இறைச்சியின் சுத்தத்துக்காக. படித்தவர்கள் தங்கள் வயிற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அறிதல் தானாகவே தார்மீகமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே என் அறிதலுக்கு நான் பெரிய உரிமை எதையும் கோரவில்லை. கார்க்கின் கடனையோ சேரியின் கடனையோ ஒரு சனிக்கிழமைச் சமையலில் தீர்க்க முடியாது. தீர்த்துவிட்டதாக நினைப்பது இன்னொரு ருசி. ஆனால் எழுதுகிறவர்களுக்குச் சொற்கள்மீது ஒரு பொறுப்பு இருக்கிறது, அங்கே எதையாவது செய்யலாம். சில சொற்களை நான் விட்டுவிட்டேன். நானே செய்தது என்று சொல்வதில்லை. எளிமை என்று சொல்வதில்லை; இவ்வளவு பேருடைய வேலை அடங்கிய ஒரு பண்டம் எளிமையானதல்ல. யந்திரத்தை மட்டம் தட்டிக் கட்டை அடுக்கியதைத் தவம் என்று சொல்வதுமில்லை. தூக்கம் கெடாமல் கிடைத்த இறைச்சியைத் தூக்கம் கெடாமல் கிடைத்தது என்று சொல்லிவிடுவது குறைந்தபட்ச நேர்மை.

இதற்கு மேல் ஒரு சோதனை இருக்கிறது. அது நாக்குக்கானதல்ல, மூக்குக்கானது. நமக்குப் பிடித்த இந்த மணம், வேறு வழியில்லாத ஒருவருடைய கூரைக்கு மேலிருந்து, அவருடைய கொடியில் தொங்கும் கறியிலிருந்து வரும்போது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா இல்லையா என்பது. புகையைப் பற்றி எவ்வளவு நுட்பமாக நாம் பேசினாலும் அதைவிட அதிகமாக நம்மைப் பற்றிச் சொல்லப்போவது அதுதான்.